டீச்சர் அனுப்பிய வெள்ளை டேலியா

நர்ஸம்மா நர்ஸ் இல்லை. படுக்கையில் விழுந்தவர்களை அவரவர் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, புரை ஏறாமல் ஊட்டுவது, ஆள் படுத்திருக்கும்போதே அடியில் கிடக்கும் விரிப்பை மாற்றுவது, இவைதான் அவள் தொழில். ஊசி போட அவளுக்கு அனுமதி கிடையாது, போட்டதும் இல்லை. ஆனால் தெரு அவளை நர்ஸம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நாள் திருத்திப் பார்த்தாள். பிறகு, உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா என்று விட்டுவிட்டாள்.

புருஷன் சீக்கிரமே போய்விட்டான். ஒரே மகள். பிறர் வீட்டு நோயாளிகளைத் தூக்கி இறக்கித்தான் அந்தப் பெண்ணைப் படிக்க வைத்தாள். அவள் படித்து, வேலைக்குப் போய், தூரத்து நகரத்தில் ஏழாவது மாடியில் வீடும் வாங்கிவிட்டாள். நர்ஸம்மாவுக்கு என்று இருந்தது இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் மதில் வரைக்கும் ஒரு துண்டு மண். முதுகு இனி ஆளைத் தூக்காது என்று தெரிந்ததும் வேலையை விட்டாள். அதற்குப் பிறகு அந்த மண்தான் அவளுடைய வார்டு. காலையில் ஒவ்வொரு செடியாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவாள். வாடியிருந்தால் வேர்ப்பக்கம் விரலை விட்டு ஈரம் பார்ப்பாள். செடியோடு பேசுவது, கொஞ்சுவது எல்லாம் அவளிடம் கிடையாது. செடிக்கு வேண்டியது தண்ணீரும் வெயிலும், அதற்குக் காதா இருக்கிறது என்பாள்.

அவளுக்கு மூன்று சிநேகிதிகள். நான்கு பேரும் ஒரே நாளில் ஒரே நர்சரியில் சண்டை போடப் போய்ச் சேர்ந்தவர்கள். அந்த நர்சரிக்காரன் ஒரே காட்டு ரோஜாவை ஒருத்திக்கு மஞ்சள் என்றும், ஒருத்திக்கு ஆரஞ்சு என்றும், மற்ற இருவருக்கும் வெளிநாட்டுச் சரக்கு என்றும் விற்றிருந்தான். பூத்த பிறகுதான் எல்லாம் ஒரே வெளிறிய சிவப்பு என்று தெரிந்தது. செடித்தொட்டியும் கையுமாக நான்கு பெண்கள் வாசலில் நிற்பதைப் பார்த்த நர்சரிக்காரன் பின்பக்கமாகப் போனவன்தான், அன்றைக்கு முழுக்க வரவில்லை. காத்திருந்த நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். சிநேகம் ஒட்டிக்கொண்டது. நர்சரிக்காரன் செய்த ஒரே நல்ல காரியம் என்று இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூன்று பேரில் மூத்தவர் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நர்ஸம்மா அவரை நீங்க என்பாள். அவர் இவளை நீ என்பார். அடுத்தது போஸ்டாபீஸ் அக்கா. வேலையை விட்ட பிறகும் செய்தி பட்டுவாடாவை விடாதவள். மூன்றாவது பேக்கரிக்காரி, நால்வரில் இளையவள், விடியும் முன்பே மாவும் கையுமாக நிற்கிறவள்.

கோடை தொடங்கி முடியும் வரை இவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. காலையில் அவரவர் தோட்டத்தில் அன்றைக்குப் பூத்ததைப் படம் எடுத்து நான்கு பேர் மட்டும் உள்ள குழுவில் போட வேண்டும். படத்தோடு ஒரு வார்த்தையும் எழுதக் கூடாது. பூவே பேசட்டும் என்பது டீச்சர் போட்ட சட்டம். ஆனால் படத்தைப் பார்த்தவர்கள் கட்டாயம் வார்த்தையில் பதில் சொல்ல வேண்டும். கட்டைவிரல் பொம்மை, கைதட்டும் பொம்மை எல்லாம் போட்டால் டீச்சருக்குப் பிடிக்காது. அக்கா ஒருமுறை பொம்மை போட்டுவிட்டு, 'பார்த்ததுக்கு அத்தாட்சி' என்றாள். அத்தாட்சியெல்லாம் பதிவுத்தபாலுக்குப் போதும், பூவுக்குப் போதாது என்று டீச்சர் பதில் போட்டார்.

அதனால் நர்ஸம்மாவின் பதிலுக்கு எப்போதும் மதிப்பு. இலை ஓரம் கருகியிருக்கிறதே, உப்புத் தண்ணியா என்பாள். தண்டு ஒரு பக்கமாகச் சாய்கிறது, தொட்டியைத் திருப்பு என்பாள். படத்தில் மூன்று பேரும் பூவைப் பார்த்தால் அவள் மட்டும் இலையைப் பார்ப்பாள்.

இந்தக் கோடையில் அவளுக்கு இலையும் தெரியவில்லை, பூவும் தெரியவில்லை.

இடது கண்ணின் நடுவில் மங்கல் விழுந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரு கண் போனாலும் மறு கண் இருக்கிறதே என்று பொருட்படுத்தாமல் இருந்தாள். கண் ஆஸ்பத்திரி டாக்டர் அப்போதே எச்சரித்திருந்தார். கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ வலது கண்ணுக்கு வளைந்து தெரிந்தால் அந்த வாரமே வந்துவிட வேண்டும், ஊசி போட்டால் இருக்கிற பார்வையை நிறுத்தி வைக்கலாம், தள்ளிப் போட்டால் நடுப்பார்வை போய்விடும் என்று. கோடைக்குக் கொஞ்சம் முன்னால் குளியலறைச் சுவரில் ஓடுகளுக்கு நடுவே இருக்கும் கோடுகள் பாம்பு மாதிரி நெளிந்தன. நர்ஸம்மாவுக்கு அர்த்தம் தெரியும். இதே கண் நோயோடு இருந்த ஒரு கிழவரை இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டவள் அவள். போயிருக்க வேண்டும். போகவில்லை.

காரணம் மகள். 'கண்ணு மட்டும் போச்சுன்னு தெரிஞ்சா, உன்னை மூட்டை கட்டித் தூக்கிட்டு வந்துடுவேம்மா' என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஏழாவது மாடியில் ஒரு ஜன்னலும் ஒரு தொலைக்காட்சியும் ஒரு கட்டிலும் காத்திருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் கண்ணில் மருந்து விடுவார்கள், கூட ஓர் ஆள் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். யாரைக் கூட்டிப் போனாலும் போஸ்டாபீஸ் அக்கா காதுக்குப் போகும். அக்கா காதுக்குப் போனால் மகள் காதுக்குப் போன மாதிரிதான். வீடு போகும், மண் போகும், காலையில் எழுந்ததும் கை வைக்க ஒன்றும் இருக்காது. இதற்குத்தான் அவள் பயந்தாள். எத்தனையோ வீடுகளில் 'நோயை மறைக்காதீங்க' என்று சண்டை போட்டவள், தன் விஷயத்தில் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாள்.

மறைப்பது அப்படியொன்றும் கடினமாக இல்லை. வீடு அவள் கைக்குப் பழகியது. ஓரப் பார்வை மிச்சம் இருந்ததால் தெருவில் யார் மேலும் மோதுவதில்லை. எழுத்தை வாசித்துக் காட்டவும், சொல்வதை எழுதிக்கொள்ளவும் போனிலேயே வசதி இருந்தது. கண்ணாடி மூக்கை அழுத்துகிறது என்று ஒரு சாக்குச் சொல்லிப் பேக்கரிக்காரியை அந்த வசதியைப் போனில் போட்டுத் தரச் சொன்னாள். தன் தோட்டத்துப் பூவைத் தடவிப் பார்த்து, போனை அதற்கு நேரே பிடித்து அமுக்கிவிடுவாள். மற்றவர்கள் படத்துக்கு என்ன பதில் சொல்வது என்பதுதான் பாடு. படத்தைக் கண் ஓரமாகப் பிடித்தால் நிறம் மட்டும் கொஞ்சம் தெரியும். யார் தோட்டத்தில் எது எப்போது மொட்டு விடும் என்பது அவளுக்கு மனப்பாடம். நிறத்தையும் ஆளையும் சேர்த்து ஊகித்து, எதற்கும் பொருந்துகிற ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவாள். அடியில் தண்ணி தேங்காமல் பார்த்துக்கோ. மத்தியான வெயிலில் கொஞ்சம் நிழல் கொடு. எந்தச் செடிக்குத்தான் இது பொருந்தாது?

ஒரே ஒருமுறை மாட்டிக்கொள்ளப் பார்த்தாள். பேக்கரிக்காரி குறும்புக்காகக் கேக்கின் மேல் சர்க்கரைக் குழைவால் பிழிந்த ரோஜாவைப் படம் எடுத்துப் போட்டாள். நர்ஸம்மா, 'இலையில கரும்புள்ளி வராம பாத்துக்கோ' என்று பதில் போட்டாள். மூன்று பேரும் அன்றைக்கு முழுக்கச் சிரித்தார்கள். அப்படியே முகம் மாறாமல் நகைச்சுவை பண்ண நர்ஸம்மாவால்தான் முடியும் என்றாள் அக்கா. நர்ஸம்மா தன் வீட்டில் உட்கார்ந்து, பதிலுக்குப் பதில் வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சிரிப்பு வரவில்லை.

டீச்சரின் கணவர் படுக்கையில் விழுந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு பக்கம் செயலற்றுப் போய், பேச்சும் போய்விட்டது. டீச்சருக்கு அவரைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தது நர்ஸம்மாதான். தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்துப் புரட்ட வேண்டும், கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதுகையும் குதிகாலையும் தினமும் பார்க்க வேண்டும். சிவந்திருந்தால் அந்தப் பக்கம் படுக்க வைக்கக் கூடாது. டீச்சர் கணக்குச் சொல்லிக்கொடுத்தவராயிற்றே, ஒரு முறை கேட்டதை மறக்கவில்லை. ஆனால் தான் சரியாகச் செய்கிறோமா என்ற சந்தேகம் மட்டும் அவரை விட்டதே இல்லை. கட்டிலை ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டு, ஜன்னலுக்கு வெளியே அவர் கண்ணில் படும்படி டேலியா வைத்திருந்தார். இந்த வருஷம் வெள்ளை டேலியா. மொட்டு விட்டாயிற்று, இந்த வாரம் மலரும் என்று நான்கு பேருக்கும் தெரியும்.

அன்றைக்குக் காலையில் போன் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஒலித்தது. அனுப்பியது டீச்சர் என்று போன் சொன்னது. நர்ஸம்மா கையைத் துடைத்துக்கொண்டு, போனை ஒருக்களித்துப் பிடித்துக் கண் ஓரத்தால் பார்த்தாள். வெள்ளை. திரை முழுக்க வெள்ளை, நடுவில் அங்கங்கே கொஞ்சம் பச்சை. டேலியா மலர்ந்துவிட்டது. இவ்வளவு வெள்ளை தெரிகிறதென்றால் ஒன்றிரண்டு பூ இல்லை, கொத்தாகப் பூத்திருக்கிறது. அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. டேலியாவில் பழைய பூவை விட்டு வைத்தால் செடி களைத்துப் போகும். அதை டீச்சருக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, சொல்லியும்விட்டாள்.

'நல்லா மலர்ந்திருக்கு. வாடிப்போனதை உடனே கிள்ளிப் போட்டுடணும். அப்பத்தான் அடுத்தது வரும்.'

பிறகு தன் செடிகளுக்குத் தண்ணீர் விட்டாள். துணி அலசிப் போட்டாள். அக்காவின் பதிலும் வரவில்லை, பேக்கரிக்காரியின் படமும் வரவில்லை. பேக்கரியில் அடுப்புக் கெட்டுப்போயிருக்கும், அக்காவுக்குப் பல்வலி திரும்பியிருக்கும் என்று அவளாகவே ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டாள். மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தாள்.

சாயங்காலம் போஸ்டாபீஸ் அக்கா போன் பண்ணினாள். எப்போதும் ஹலோவுக்கு முன்னால் பாதிச் செய்தியைச் சொல்லிவிடுகிறவள், அன்றைக்கு நேராகக் கேள்வியில் ஆரம்பித்தாள்.

"ஏன் வரலை நீ?"

எங்கே வரவில்லை என்று நர்ஸம்மா திருப்பிக் கேட்டதும்தான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டீச்சரின் கணவர் விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். டீச்சருக்கு யாரையும் போனில் கூப்பிட்டுச் சொல்ல வாய் வரவில்லை. தோட்டத்தில் மலர்ந்திருந்ததை எல்லாம் பறித்து, வெள்ளை விரிப்புக்கு மேல் அவர் நெஞ்சில் வைத்து, அவருடைய செயலற்ற கையையும் எடுத்துப் பூவின் மேல் வைத்து, படம் எடுத்துக் குழுவில் போட்டார். வார்த்தை போடுகிற வழக்கம்தான் கிடையாதே. படத்தைப் பார்த்ததும் அக்காவும் பேக்கரிக்காரியும் போட்டது போட்டபடி ஓடினார்கள். வழியில்தான் நர்ஸம்மாவின் பதிலைப் பார்த்தார்கள். பேக்கரிக்காரி நடுத்தெருவில் நின்றுவிட்டாளாம்.

டீச்சர் அந்தப் பதிலைப் பார்க்கவில்லை. நர்ஸம்மா வந்துவிடுவாள், அவள் வந்துதான் குளிப்பாட்ட வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்று சொல்லிக் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பேக்கரிக்காரி போன் பண்ணப் போனாள். அப்படி எழுதியவளை வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டுமா என்று அக்காதான் தடுத்துவிட்டாள். மத்தியானம் டீச்சரே போனை எடுத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, சரி, நீங்களே குளிப்பாட்டுங்கள் என்றார். அவ்வளவுதான். வெயில் தாழ்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அந்த மனிதரின் உடம்பில் நர்ஸம்மாவின் கை படாத இடம் கிடையாது. அவர் போனால் கடைசியாகக் கழுவித் துடைக்க வேண்டியவள் தான்தான் என்று அவளுக்கும் ஓர் எண்ணம் இருந்தது.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். யோசித்துப் பார்த்ததில் தனக்கே புரிந்துவிட்டது என்றாள். பேக்கரிக்காரி முந்தின நாள் ஜினியா போட்டிருந்தாள் இல்லையா, அதற்குப் போட்ட பதில்தான் அது, டீச்சர் படத்தை இவள் திறந்தே பார்த்திருக்க மாட்டாள். "அப்படித்தான் டீச்சர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அவங்க ஒண்ணும் சொல்லலை. நீயும் போய் அதையே சொல்லிடு, முடிஞ்சு போச்சு."

மறுநாள் காலையில் நர்ஸம்மா டீச்சர் வீட்டுக்கு நடந்தாள். கையில் பூ எடுத்துக்கொள்ளவில்லை. அக்கா கொடுத்த பொய் நல்ல பொய். யாருக்கும் கெடுதல் இல்லாதது, தைத்துப் போட்ட சட்டை மாதிரி அளவாகப் பொருந்துவது. அதைச் சொன்னால் டீச்சரின் மனமும் ஆறும், வீடும் மிஞ்சும். சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

வீட்டில் ஆள் நடமாட்டம் அடங்கியிருந்தது. டீச்சர், கணவர் படுத்திருந்த அறையில்தான் இருந்தார். வாசலிலேயே நர்ஸம்மாவுக்கு ஒரு சத்தம் கேட்டது. படுக்கைப்புண் வராமல் இருக்கப் போடும் காற்று மெத்தையின் மோட்டார் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதை நிறுத்தத் தோன்றவில்லை. அவள் நேரே போய்ச் சுவரைத் தடவிச் சுவிட்சை அணைத்தாள். மெத்தை மெதுவாகக் காற்றை விட்டு அடங்கியது.

"உட்காரு. படம் மாறிப் போச்சாமே, அக்கா சொன்னா" என்றார் டீச்சர்.

ஆமாம் என்று சொல்ல நர்ஸம்மா வாயைத் திறந்தாள். டீச்சர் அதற்குக் காத்திருக்கவில்லை.

"அது போகட்டும். எனக்கு வேற ஒண்ணு தெரியணும். உன்னை விட்டா சொல்ல ஆள் இல்லை." போனை அவள் கையில் திணித்தார். "குளிப்பாட்டறப்போ முதுகைத் திருப்பினாங்க. பெருசா கறுத்துக் கெடந்துது. அவங்க பார்க்கறதுக்குள்ள மூடிட்டேன். அவங்க தண்ணி எடுக்கப் போனப்போ ஒரு படம் எடுத்தேன். ராத்திரி பூரா அதைத்தான் பார்த்துட்டிருக்கேன். பார்த்துச் சொல்லு. புண்ணா அது? நான் சரியா திருப்பலையா?"

நர்ஸம்மா போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. ஒருக்களித்தால் ஏதோ கருமை. இந்தக் கோடை முழுக்க இப்படித்தான் பார்த்தாள், பதிலும் சொன்னாள். இதற்கும் பதில் நாக்கு நுனியிலேயே இருந்தது. புண் இல்லை டீச்சர், நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க. அநேகமாக அதுதான் உண்மையாகவும் இருக்கும். டீச்சர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குக் கேட்டது.

"எனக்குத் தெரியலை டீச்சர்."

"நல்லா பாரு. வெளிச்சத்துக்கு வா."

"வெளிச்சத்துக்கு வந்தாலும் தெரியாது. எனக்குக் கண்ணு தெரியலை. நேத்து உங்க படமும் தெரியலை. ஜினியாவும் இல்லை, மாறவும் இல்லை. உங்க படத்தைப் பார்த்துதான் அதை எழுதினேன். வெள்ளையா இருந்துது. செடியில பூத்திருக்குன்னு நினைச்சேன்."

நாற்காலி லேசாக முனகியது, டீச்சர் உட்கார்ந்துவிட்டார் போலிருந்தது. நர்ஸம்மா போனைக் கட்டிலின் மேல் வைத்தாள்.

"படம் வேண்டாம். நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்க. தோல் உரிஞ்சிருந்துதா?"

"இல்லை."

"தண்ணி, சீழ், நாத்தம்?"

"இல்லை. ஒண்ணும் இல்லை."

"நிறம் என்ன? சிவப்பா, ஊதாவா?"

"ஊதா. கறுப்பு கலந்த ஊதா. முதுகு பூரா."

"முதுகு பூராவுமா? தோள்பட்டை எலும்பு, இடுப்புக்குக் கீழ் எலும்பு, மெத்தையில அழுந்துற இடம் எப்படி இருந்துது? அங்கதான் ரொம்பக் கறுப்பா?"

டீச்சர் நினைவுபடுத்திப் பார்த்தார். கணக்கை மறுபடி போட்டுப் பார்க்கிறவர் போல அவசரப்படாமல் சொன்னார். "இல்லை. அந்த இடம் மட்டும் வெளுப்பா இருந்துது. திட்டுத் திட்டா. சுத்தித்தான் ஊதா."

"அப்போ அது புண் இல்லை" என்றாள் நர்ஸம்மா. "புண்ணா இருந்தா எலும்பு அழுந்துற இடத்துலதான் மொதல்ல வரும். இது உயிர் போனதும் ரத்தம் கீழ்ப்பக்கம் எறங்கிக் கட்டறது. மல்லாக்கப் படுத்துப் போன எல்லாருக்கும் முதுகுல வரும். நேரம் ஆக ஆக நல்லா தெரியும். காலையிலேயே கழுவியிருந்தா இவ்வளவு பார்த்திருக்க மாட்டீங்க. எனக்காக மத்தியானம் வரைக்கும் வச்சிருந்தீங்களே, அதனாலதான் தெரிஞ்சுது. ராத்திரி நீங்க தூங்காம இருந்தது என்னாலதான்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு வாளியை இழுத்துக்கொண்டு போனார்கள். டீச்சர் கேட்டார்.

"புண் இல்லைன்னு மொதல்லயே சொல்லிட்டுப் போயிருக்கலாமே. நான் நம்பியிருப்பேன்."

"நம்பியிருப்பீங்க. அதனாலதான் சொல்ல முடியலை."

"எப்போலேர்ந்து இப்படி?"

"கோடை தொடங்கறதுக்கு முன்னாடியே."

"அப்போ இத்தனை நாளா நீ சொன்னதெல்லாம்?"

"குத்துமதிப்பு."

டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அவர் குரல் வகுப்பறைக் குரலாக மாறியிருந்தது. இந்த இரண்டு வருஷமும் கணவர் முதுகில் ஒரு சிவப்பு தெரிந்தாலும் அதைப் படம் எடுத்து இவளுக்குத்தானே அனுப்பினோம், போன மாதம்கூடக் குதிகாலை எடுத்து அனுப்பினோமே, அதற்கும் குத்துமதிப்பா என்று கேட்டார். இல்லை என்றாள் நர்ஸம்மா. அதற்கு நேரிலேயே வந்து, காலைக் கையில் எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். டீச்சருக்கு அது ஞாபகம் இருந்தது. உடம்பு விஷயத்தில் பொய் சொன்னதில்லை, பூ விஷயத்தில்தான் சொன்னேன் என்றாள் நர்ஸம்மா. சொல்லி முடித்ததும் அது எவ்வளவு நொண்டிச் சமாதானம் என்று அவளுக்கே கேட்டது. நேற்றைய பூ உடம்பின் மேல்தான் இருந்தது.

"இப்போ போ. என்னால இன்னிக்குப் பேச முடியாது" என்றார் டீச்சர்.

போனாள். வீட்டுக்குப் போனதும் உட்காரக்கூட இல்லை, மகளுக்குப் போன் பண்ணினாள். யார் வாயிலாகவோ போய்ச் சேருவதற்குள் தானே சொல்லிவிடுவது என்று தீர்மானித்துவிட்டாள். கோடுகள் நெளிந்தது, போகாமல் இருந்தது, பேக்கரிக் கேக், டீச்சரின் படம், எல்லாவற்றையும் ஒரு நோயாளியைப் பற்றி அடுத்த ஷிப்ட் ஆளிடம் சொல்வது போல வரிசையாகச் சொன்னாள். மகள் முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு, 'அடுத்தவங்க அம்மாவா இருந்தா இப்படி விட்டிருப்பியாம்மா?' என்று கேட்டாள். கோடை முடியும் வரை இங்கே, அதற்கு மேல் ஏழாவது மாடி என்று முடிவாயிற்று. அவள் பேரம் பேசவில்லை. ஒரு கோடைக்கான சலுகையே அதிகம் என்று தெரிந்திருந்தது.

போஸ்டாபீஸ் அக்காவுக்குத்தான் கோபம் ஆறவே இல்லை. கண் போனதை விட, தன் காதுக்கு வரக்கூடாது என்று மறைத்ததுதான் அவளுக்கு வலித்தது. வீட்டுக்கே வந்து நின்றாள்.

"என்னடி நினைச்சே என்னை? நான் என்ன ரேடியோவா?"

கூட வந்திருந்த பேக்கரிக்காரி ரொட்டிப் பொட்டலத்தை மேசையில் வைத்தபடி, "ஆமாக்கா" என்றாள். அக்காவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு, தடுத்தது தான்தான், போன் பண்ண விட்டிருந்தால் இவளும் போய் அவரைக் குளிப்பாட்டியிருப்பாள் என்று சொல்லி மூக்கை உறிஞ்சினாள். சரி விடு என்றாள் நர்ஸம்மா.

கண் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதாக இரண்டு பேரும் சொன்னார்கள். ஆனால் அன்றைக்கு வாசலில் வந்து நின்றது டீச்சர். துக்க வீட்டிலிருந்து வெளியே வர அவருக்கு இன்னும் நாள் இருந்தது. யாராவது ஏதாவது சொன்னார்களா என்று நர்ஸம்மா கேட்கவில்லை. "செருப்பைப் போட்டுக்கோ, நேரமாகுது" என்றார் டீச்சர். மன்னித்தேன் என்று அவரும் சொல்லவில்லை. படி வரும்போது மட்டும் படி என்றார்.

டாக்டர் கொஞ்சம் கடிந்துகொண்டார். இடது கண்ணில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. வலது கண்ணிலும் நடுப்பகுதி பெரும்பாலும் போய்விட்டது. முன்பே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். மாதா மாதம் ஊசி போட்டால் மிச்சம் இருப்பது நிற்கலாம். எழுத்து வாசிக்க முடியாது, முகம் தெரியாது, ஆனால் நடமாடலாம். நர்ஸம்மா ஒவ்வொன்றுக்கும் சரி என்றாள். டீச்சர்தான் ஊசிக்குப் பிறகு முகம் கழுவலாமா, எந்தப் பக்கம் படுக்க வேண்டும், வலி வந்தால் எவ்வளவு நேரம் பொறுக்கலாம் என்று கேட்டுக்கொண்டார்.

ஊசி போட்டு, வலது கண்ணைப் பஞ்சு வைத்து மூடி, வராந்தாவில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் இருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். நீளமான பெஞ்சு. இரண்டு பக்கமும் ஒற்றைக் கண் மூடிய ஆட்கள், கூட வந்தவர்கள், கீழே சக்கரம் தேய்ந்த தள்ளுவண்டி ஒன்று போகிற சத்தம். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

கணவர் போனதிலிருந்து டீச்சர் அழவில்லை என்று அக்கா சொல்லியிருந்தாள். வந்தவர்கள் எல்லாரும் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அழ வரும்? இப்போது பெஞ்சு மெல்ல அதிர்ந்தது. முதலில் தள்ளுவண்டி என்று நினைத்தாள் நர்ஸம்மா. வண்டி போய்விட்டது, அதிர்வு நிற்கவில்லை. பக்கத்தில் மூச்சு உள்ளே போகும்போது துண்டு துண்டாகப் போனது, வெளியே வரும்போது சத்தமே இல்லாமல் வந்தது. வாயைத் துணியால் பொத்தியிருக்க வேண்டும். எத்தனையோ வீடுகளில், சமையலறைக் கதவுக்குப் பின்னால், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, ஆட்கள் இப்படி அழுவதை அவள் கேட்டிருக்கிறாள். டீச்சர் இவளுக்குத் தெரியாது என்ற தைரியத்தில் அழுதார்.

நர்ஸம்மா திரும்பவில்லை. கையை நீட்டவும் இல்லை. தோளைத் தொட்டால் டீச்சர் உடனே நிறுத்திவிடுவார், முகத்தைத் துடைத்துக்கொள்வார், தண்ணீர் வேண்டுமா என்று இவளைக் கேட்பார். அதனால் மூடிய கண்ணோடு நேராக உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒருத்தி வந்து பஞ்சை எடுத்துப் பார்த்து, வலி இல்லையே, வீட்டுக்குப் போகலாமே என்றாள். பெஞ்சின் அதிர்வு இன்னும் அடங்கவில்லை.

தலை லேசாகச் சுற்றுகிறது, இன்னும் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்றாள் நர்ஸம்மா.